கால்வெஸ்டனில் கிளேட்டன் வீதி உலா

வணக்கம் மக்களே. மைக்கில் காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கடல் பக்கத்திலேயே இருக்கிறது. டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவில், பிராட்வே சாலையில் நிற்கிறேன். பின்னால் கோட்டை மாதிரி தெரிகிறதே, அது ஒரு வக்கீலின் வீடு! வால்டர் கிரெஷாம் என்கிற அந்த வக்கீலுக்காக, கட்டடக் கலைஞர் நிக்கோலஸ் கிளேட்டன் வடிவமைத்தது. 1887-ல் தொடங்கிய வேலை, முடிக்க ஐந்தாறு வருடம் பிடித்தது. பிற்காலத்தில் கத்தோலிக்க ஆயர் குடியிருந்ததால் இப்போது ‘பிஷப்ஸ் பேலஸ்’.

கிட்டே வாருங்கள், சுவரைக் காட்டுகிறேன். இது கிரானைட், இந்த வெளிர் நிறம் சுண்ணாம்புக்கல், அது சிவப்பு மணற்கல். ஒரு கை அகலத்துக்குக்கூடச் சும்மா விடவில்லை கிளேட்டன். எனக்கென்னவோ அலங்காரம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் பருத்தி ஏற்றுமதிப் பணம் புரண்ட துறைமுகத்தில் யார் வேண்டாம் என்பார்கள்?

கிளேட்டன் 1840-ல் அயர்லாந்தில் பிறந்தவர். 1872-ல், மெம்ஃபிஸ் நகரக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றுக்காக ஒரு தேவாலயத்தையும் ஓட்டலையும் மேற்பார்வை பார்க்க இங்கே வந்தார். வந்தவர் திரும்பவே இல்லை. ‘ஓல்ட் ரெட்’ என்கிற சிவப்பு மருத்துவக் கல்லூரிக் கட்டடமும் அவருடையதுதான்.

சரி, கேமராவை எதிர்ப்பக்கம் திருப்புகிறேன். அந்த வெள்ளைத் தேவாலயம் தெரிகிறதா? அதே இடத்தில் முதலில் இருந்த தேவாலயமும் கிளேட்டன் வடிவமைத்ததுதான். 1900 செப்டம்பர் 8-ல் புயல் வந்தது. 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தேவாலயம் இடிந்து விழுந்தது. நேர் எதிரே இந்த வீடு நின்றது, உயிர் பிழைத்தவர்களுக்கு அடைக்கலமும் கொடுத்தது. ஒரே ஆள், ஒரே தெரு!

ஊருக்குப் புயல் என்றால், கிளேட்டனுக்கு வழக்கு. கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிமன்றக் கட்டட ஒப்பந்தத் தகராறில் சிக்கி 1903-ல் திவாலானார். அதற்கப்புறம் பெரிய வேலைகள் குறைந்துவிட்டன. புதிய தேவாலயத்தை வேறொருவர் வடிவமைத்தார். ஆனால் இப்போது உச்சியில் நீங்கள் பார்க்கிற குவிமாடம் கிளேட்டனுடையது. அந்தத் தேவாலயம் எப்படியோ அவரிடமே திரும்பி வந்திருக்கிறது.

1916-ல் தன் வீட்டுப் புகைபோக்கியில் விரிசல் பார்க்க மெழுகுவத்தியோடு போனார். சட்டையில் தீப்பிடித்தது. அந்தக் காயத்திலிருந்து அவர் எழவே இல்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன். உள்ளே மரப் படிக்கட்டு இருக்கிறது, வாருங்கள் பார்க்கலாம்.