ஒற்றைக் காம்பராவில் ஒரு முதற்காதல்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதற்காதலையும் குடும்பச் சிக்கலையும் சொல்லும் இளையோர் நாவல்களைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டபோது, உடனே என் நினைவுக்கு வந்தது ஒரு பென்சில் கோடுதான். எங்கள் பாடசாலை நூலகத்திலிருந்து பத்தாம் தரத்து மாணவி ஒருத்தி ஒரு காதல் நாவலை எடுத்துச் சென்றாள். செய்தித்தாளில் அட்டை போட்டு, கணிதப் பாடநூலுக்குள் செருகி வைத்துக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த அந்த நூலைப் புரட்டிப் பார்த்தேன். காதலர் சந்திக்கும் பக்கங்களில் ஒரு மடிப்புக்கூட இல்லை. ஒரு தாய் தன் மகளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் விளக்கை அணைத்துவிடுகின்ற ஓர் இடம் அதில் இருந்தது, அந்த வரியின் கீழே, தாள் கிழிந்துவிடும் அளவுக்கு அழுத்தமாகக் கோடு போடப்பட்டிருந்தது. அந்தப் பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார்.

காதல் கதையைத் தேடி வந்த பிள்ளை, அதற்குள் தன் தாயைத் தேடியிருக்கிறாள். இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கோட்டிலிருந்து தொடங்குவதுதான்: இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நம் மலையகத்தில் முதற்காதலின் கதையையும் வீட்டின் கதையையும் தனித்தனியே எழுத இயலாது.

இளையோர் நாவல் என்று இன்று நாம் அழைக்கும் வகை அமெரிக்காவில் வேரூன்றியதற்கு, எஸ். இ. ஹின்டன் எழுதி 1967 இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' ஒரு பெரிய காரணம். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அவர் எழுதிய நாவல் அது. அதன்பின் 1975 இல் ஜூடி புளூம் 'ஃபாரெவர்' என்ற நாவலை எழுதினார். காதலித்த பிள்ளைகள் யாரும் சாகாத ஒரு கதை வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டதுதான் அதற்குத் தூண்டுதலாக இருந்தது. அதுவரை அந்த வயதினருக்குக் கிடைத்த கதைகளில், காதலித்த பெண் பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் தண்டனை அடைந்தாள். அந்த மகளின் கோரிக்கையை என் மாணவிகளின் வாயிலிருந்தும் நான் கேட்கிறேன். நம் ஊர்ப் பேச்சிலும் மேடை நாடகத்திலும், பதினாறு வயதில் காதலித்தவளுக்கு முடிவாகக் காத்திருப்பது பெரும்பாலும் ஓர் ஆறோ, ஒரு நீர்த்தேக்கமோ, ஒரு போத்தல் மருந்தோதான். இந்த முடிவைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்வது எனக்கு அச்சமூட்டுகிறது.

ஆனால் இதை வெளிநாட்டிலிருந்து கடன் வாங்கித்தான் நாம் கற்க வேண்டும் என்பதில்லை. மலையும் மலை சார்ந்த நிலமுமான குறிஞ்சிக்கு நம் முன்னோர் வகுத்த ஒழுக்கமே காதலர் கூடுதல். ஊரார் பேசும் அலரும், பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் இற்செறிப்பும், நோய் என்று எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பதும், கடைசியில் காதலனோடு புறப்படும் உடன்போக்கும் அகத்திணையின் துறைகள். ஒரு குடும்பம் தன் மகளின் முதற்காதலை எதிர்கொண்டு திணறும் ஒவ்வொரு படிக்கும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அதைவிட என்னை வியக்க வைப்பது, ஓடிப்போனவளைத் தேடிச் செல்லும் செவிலித்தாய்க்கும் அங்கே பேசும் உரிமை இருந்தது என்பதே. குறுந்தொகையின் 44 ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் அந்தத் தாயைப் பேச வைக்கிறார். நடந்து நடந்து கால் ஓய்ந்தது. எதிரே வருவோரைப் பார்த்துப் பார்த்துக் கண் ஒளியிழந்தது. வானத்து மீன்களைவிட அதிகமாக இருக்கிறார்கள், இந்த உலகத்தில் பிறர். நான்கே அடிகளில், மகளை அடைத்து வைத்த வீட்டின் மனம் முழுவதும் வந்துவிடுகிறது. இன்றைய இளையோர் நாவல்களில் பெற்றோர் பலமுறை வெறும் தடைச்சுவராக மட்டுமே நிற்பதைக் காணும்போது, இந்தப் பாட்டை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 10 அடிக்கு 12 அடியில் காம்பரா என்னும் அறை ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்னும் திண்ணை, பின்னால் புகை படிந்த அடுப்படி. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எட்டுவதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் இந்த வீட்டில் விழிப்பு வருகிறது. அங்கே ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடியது போர்வைக்குள் இருக்கும் இடம் மட்டுமே. காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தொடங்கும் பேச்சு, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்தைத் தாண்டி, மத்தியானம் கொழுந்து நிறுக்கும்போது தகப்பனின் காதுக்கு வந்துவிடுகிறது. சங்கப் புலவர் அலர் என்றது இதைத்தான். மாசி மாதத்தில் காமன் கூத்தின்போது, எரிந்துபோன மதனுக்காக இரதி புலம்புவதைக் கேட்டு இரவெல்லாம் கண் கலங்கி நிற்கும் தகப்பன், மறுநாள் மகளின் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கி அரிசிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறார். இரண்டும் அவருடைய உண்மையான உணர்ச்சிகள்தான். இந்த இரண்டையும் ஒரே மனிதரிடம் காட்டத் தெரிந்த நாவலாசிரியருக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.

தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை அழைப்பு வருகிறது. "நல்லா இருக்கேன்மா" என்று மூத்த மகள் சொல்கிறாள். தம்பிக்குக் காய்ச்சல் என்பதையும், அப்பா மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை என்பதையும், தானே சோறாக்கிவிட்டுப் பாடசாலைக்குப் பிந்தி வருவதையும் சொல்லாமல் விடுகிறாள். தாயும் அங்கே பட்டதைச் சொல்லாமல் விடுகிறார். ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காக இருவரும் பொய் சொல்கிறார்கள். இந்த நேரத்தில், பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் ஒரு பையன் "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதில் வரும்வரை நிற்கிறான். அவளுடைய முதற்காதல் அங்கேதான் தொடங்குகிறது. திருமணத்துக்கு 18 வயது நிரம்ப வேண்டும் என்று நாட்டின் பொதுத் திருமணச் சட்டம் 1995 முதல் சொல்கிறது. ஆயினும் பதினாறிலேயே பையனோடு போய்விட்ட மாணவிகளை இந்த அவையில் உள்ள ஆசிரியர் பலரும் அறிவோம். அறிவுரை சொல்லும் துண்டுப்பிரசுரத்தால் அவர்களை நெருங்க முடியவில்லை. பதிலுக்காகக் காத்து நிற்பவனிடம் ஏன் மனம் போகிறது என்பதை உள்ளிருந்து சொல்லும் கதை அவர்களை நெருங்கும் என்று நான் நம்புகிறேன்.

பெற்றோரையும் பாட்டிமாரையும் பற்றி இன்னொன்று. 1964 ஒக்டோபரில், நம் மக்களின் குடியுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகப் பிரித்தார்கள். அந்த எண்களுக்குள் எத்தனை முதற்காதல்கள் இருந்தன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஒரு லயத்துப் பையனின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, அடுத்த லயத்துப் பெண்ணின் குடும்பம் இங்கே தங்கியது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவோரோடு தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று நம் மக்கள் பெயர் வைத்தார்கள். அதே 1964 இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' என்ற மலையக நாவல் வெளிவந்தது. பின்னர் தெளிவத்தை ஜோசப் முதலானோர் நம் வாழ்வைப் பெருமையோடு எழுத்தில் நிறுத்தினார்கள். நாமும் மனிதர் என்று நிறுவ வேண்டியிருந்த காலம் அது. பதினைந்து வயது வாசகியை மட்டுமே மனத்தில் வைத்து எழுத அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை. அந்த வேலை இனி நம்முடையது. பேத்தியின் காதலைக் கேட்டுக் கொதிக்கும் பாட்டிக்கும் ஒரு பதினாறு வயது இருந்தது என்று சொல்லாத கதை, நம் வீட்டின் கதையில் பாதியைத்தான் சொல்லும்.

கோடு போட்ட அந்த மாணவி இப்போது ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவருகிறாள். தோட்டத்துப் பேச்சை அப்படியே எழுதலாமா என்று முதல் நாள் கேட்டாள், எழுது என்றேன். அவள் கதையில் ஒரு பாட்டி வருகிறார். இளம் வயதில் ஹட்டன் புகையிரத நிலையத்தில், அடைமழையில் நனைந்தபடி, யாரையோ வழியனுப்புகிறார். அதை அவள் தன் அம்மாயிக்கு, தாயைப் பெற்ற பாட்டிக்கு, வாசித்துக் காட்டியிருக்கிறாள். காதலென்ற சொல்லைக் கேட்டாலே வாரியலைத் தூக்கும் அம்மாயி, அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கடைசிவரை கேட்டாராம். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னாராம்: "அன்னைக்கி மழை பெய்யல புள்ள. நல்ல வெயிலு."