ஒரு போகத்து அரசு: வாக்கு வாங்காதவர்கள் நாட்டைத் திருத்த ஏலுமா?

[காட்சி: கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டு, காலை வெயில். கட்டுக்குக் கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்.]

குளம் நிரம்பினால் 36 அடி. இதன் கீழே இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல் கிடக்கிறது. காலபோகத்துக்கு மழையும் கைகொடுக்கும். சிறுபோகத்துக்கு அப்படியில்லை, குளத்தில் மிஞ்சிக் கிடக்கிற தண்ணீர்தான். அது எல்லாக் காணிக்கும் காணாது. இந்த முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு, குளத்துக் கதவான துருசு திறக்கிற திகதி எது, பூட்டுகிற திகதி எது என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் போடுவார்கள்.

பெரியப்பாவோடு ஒருமுறை அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். மேசைக்கு அங்கால மாவட்ட அரசாங்க அதிபர், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர்கள். இங்கால கமக்காரர் அமைப்புகளின் ஆட்கள், வியர்வையும் வெற்றிலையும். மேசைக்கு அங்கால இருந்த ஒருவருக்கும் நாங்கள் வாக்குப் போட்டதில்லை. பெரியப்பா எழும்பினார்.

"ஐயா, போன சிறுபோகத்தில மேல் வாய்க்கால்காரர் பங்குக்கு மிஞ்சி விதைச்சவை. எங்கட கடைக்காணிக்குத் தண்ணி வரேக்க பயிர் கருகிப்போச்சு. இந்த முறை அதை அளக்கப்போறது ஆர்?"

மண்டபம் சிரித்தது. பொறியியலாளர் சிரிக்கவில்லை, கொப்பியில் எழுதினார். அந்த முறை அளந்தார்கள்.

வாக்கு வாங்காத ஓர் அரசு உண்மையான அரசியல் சீர்திருத்தத்தைக் கொண்டுவர முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கூட்டம்தான் முதலில் ஞாபகம் வரும். அங்கே இருந்த அதிகாரிகளை யாரும் தெரிவு செய்யவில்லை. ஆனாலும் வேலை நடந்தது. ஏன் என்றால் அவர்கள் எடுத்த முடிவு ஒரு போகத்துக்கு மட்டும். முகத்துக்கு நேரே கேள்வி கேட்க ஆள் இருந்தது. அடுத்த போகத்துக்கு அதே ஆட்கள் அதே மண்டபத்தில் திரும்ப இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கூட்டம் ஒருவரின் காணியைப் பிடுங்கி இன்னொருவருக்கு எழுத முடியாது, வாய்க்காலின் போக்கை மாற்ற முடியாது. முயன்றிருந்தால் அன்றைக்கு மண்டபத்தில் கதிரை பறந்திருக்கும்.

[காட்சி: டாக்கா நகரச் சுவர்கள், மாணவர்கள் வரைந்த ஓவியங்கள்.]

இப்போது பங்களாதேஷுக்கு வருவோம். 2024 ஓகஸ்ட் 5, மாணவர் போராட்டத்தால் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு ஓடினார். மூன்று நாள் கழித்து முகம்மது யூனுஸ் இடைக்கால அரசின் தலைமை ஆலோசகராகப் பதவியேற்றார். அதற்கு முந்தைய வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. அறிக்கை சொன்னது. இவ்வளவு இரத்தத்துக்குப் பிறகு வெறும் தேர்தல் போதாது, நாட்டின் அமைப்பையே திருத்த வேண்டும் என்ற கோரிக்கை இயல்பானது. அரசியலமைப்பு, தேர்தல், நீதித்துறை, பொலிஸ், ஊழல் தடுப்பு, பொது நிர்வாகம் என்று முதலில் ஆறு ஆணைக்குழுக்கள் போட்டார்கள். பிறகு கட்சிகளை ஒரே மேசைக்குக் கூப்பிட்டு மாதக்கணக்கில் பேசினார்கள். 2025 ஒக்டோபர் 17இல், பேசி ஒத்துக்கொண்ட சீர்திருத்தங்களின் 'ஜூலை சாசனம்' கையெழுத்தானது. போராட்டத்தை நடத்திய மாணவர்களின் கட்சி அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. சட்ட உத்தரவாதம் எங்கே என்று கேட்டார்கள். சரியான கேள்வி. அடுத்த பாராளுமன்றம் இதைக் குப்பையில் போட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த நாட்டுக்கு இது முதல்தடவை இல்லை.

2007 ஜனவரி 11. அங்கே அந்த நாளை 'ஒன்று-பதினொன்று' என்றுதான் சொல்வார்கள். அவசரகால நிலை, இராணுவம் பின்னால் நிற்க, ஃபக்ருதீன் அகமது தலைமையில் காபந்து அரசு. மூன்று மாதம் இருக்க வேண்டியது இரண்டு வருடம் இருந்தது. ஹசீனாவையும் முன்னாள் பிரதமர் காலிதா ஸியாவையும் சிறையில் போட்டார்கள், இருவரையும் அரசியலிலிருந்தே கழித்துவிடப் பார்த்தார்கள். 122 அவசரச் சட்டங்கள் போட்டார்கள். 2008 டிசம்பரில் தேர்தல் வந்தது, ஹசீனா பெருவெற்றி பெற்றார், புதிய பாராளுமன்றம் அந்த 122இல் 54ஐ மட்டும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்று நிலைத்தது. படத்துடன் கூடிய வாக்காளர் இடாப்பு. பழைய இடாப்பில் ஒரு கோடிக்கு மேல் போலிப் பெயர்கள் இருந்தன. கிராமம் கிராமமாக மடிக்கணினியும் கமராவும் கொண்டுபோய் எட்டுக் கோடிப் பேரைப் பதிந்தார்கள். கையில் ஒரு அடையாள அட்டை கிடைத்தது. அடுத்த அரசு எத்தனையோ விஷயத்தைக் கலைத்தது, இதைக் கலைக்கவில்லை. கலைத்திருந்தால் எட்டுக் கோடிப் பேரின் சட்டைப் பைக்குள் கைவிட்டது மாதிரி இருந்திருக்கும்.

என்னைக் கேட்டால் இந்த விவாதத்தின் அரைவாசி இங்கேயே முடிகிறது. வாக்கு வாங்காதவர்கள் மேலிருந்து போட்டது மேலோடு போனது. சனத்தின் கையில் கொடுத்தது கையிலேயே நின்றது.

[காட்சி: கறுப்பு வெள்ளைப் படங்கள், மட்ரிட் நகரம்.]

எதிர்ப்பக்கம் ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஸ்பெயின். சர்வாதிகாரி பிராங்கோ இறந்த பிறகு, 1976 ஜூலையில் மன்னர் அடோல்ஃபோ சுவாரஸைப் பிரதமராக நியமித்தார். ஒரு வாக்கும் வாங்காதவர், போதாக்குறைக்குப் பழைய ஆட்சியின் ஆள். அவர் கொண்டுவந்த அரசியல் சீர்திருத்தச் சட்டத்துக்கு பிராங்கோ காலத்து மன்றமே 425க்கு 59 என்ற கணக்கில் ஆதரவு கொடுத்தது. தங்களுடைய மன்றத்தை மூடுவதற்குத் தாங்களே கையுயர்த்தினார்கள். டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு, அடுத்த ஜூனில் தேர்தல். ஒரு வருடத்துக்குள் எல்லாம்.

சுவாரஸ் செய்த ஒரு காரியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னர், ஈஸ்டர் விடுமுறை நேரம் பார்த்து, தடைசெய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சியைச் சட்டபூர்வமாக்கினார். இராணுவம் கொதித்தது. ஆனால் அதற்குப் பிறகு 'எங்களைக் கேட்காமல் எழுதிய விதி' என்று சொல்லிக்கொண்டு வெளியில் நிற்க பெரிய தரப்பு எதுவும் இல்லை. டாக்காவில் நடந்தது நேர்மாறு. 2025 மே மாதம் ஹசீனாவின் கட்சியான அவாமி லீக்கின் செயற்பாடுகளைத் தடை செய்தார்கள். கொலைகளுக்குப் பொறுப்பானவர்கள் நீதிமன்றம் ஏற வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் ஒரு பழைய பெரிய கட்சிக்கு வாக்குப் போட்ட சனம் முழுவதையும் மேசைக்கு வெளியே நிறுத்திவிட்டு எழுதுகிற சாசனத்தை, என்றோ ஒருநாள் அந்தச் சனம் திரும்ப வந்து கிழிக்கும். கடைக்காணிக்காரனைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் தண்ணீர் பங்கிட்டால் இரவில் வாய்க்கால் வெட்டுவான். இங்கே யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

நேபாளம் இன்னொரு வழி போனது. 2025 செப்டெம்பரில் இளைஞர் எழுச்சி, பிரதமர் கே.பி. ஒலி விலகினார், முன்னாள் பிரதம நீதியரசர் சுசீலா கார்க்கி பதவியேற்றார். இளைஞர்கள் அவர் பெயரை டிஸ்கோர்ட் செயலியில் வாக்கெடுத்துத் தேர்ந்தார்கள் என்பது தனிக் கூத்து. ஆனால் பதவியேற்ற கையோடு தேர்தல் நாள் குறிக்கப்பட்டது, 2026 மார்ச் 5. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கமாட்டோம் என்று அவரே சொன்னார். துருசு திறக்கும்போதே பூட்டுகிற திகதியையும் சொல்லிவிட்டார்கள். யூனுஸ் அரசு தன் திகதியை உறுதியாகச் சொல்ல ஒரு வருடம் எடுத்தது.

[காட்சி: ஏ-9 வீதி, கிளிநொச்சி நகரம். பேருந்துகள்.]

'இடைக்காலம்' என்ற சொல் வன்னிக்குப் புதிதில்லை. 1987 செப்டெம்பரில் வடக்கு கிழக்குக்கு இடைக்கால நிர்வாக சபை என்று ஒன்று பேசப்பட்டு, தலைமை நிர்வாகி யார் என்ற இழுபறியிலேயே முறிந்தது. 2003 ஒக்டோபர் 31இல் விடுதலைப் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கு ஒரு வரைவு வைத்தார்கள். உறுப்பினர்களைப் புலிகளும் அரசும் முஸ்லிம் சமூகமும் நியமிப்பது, அறுதிப் பெரும்பான்மை புலிகளின் நியமனத்துக்கு. ஐந்து வருடத்துக்குள் இறுதித் தீர்வு வராவிட்டால் தேர்தல். நான்கு நாள் கழித்து ஜனாதிபதி சந்திரிகா மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார், வரைவு வரைவாகவே போனது.

அந்த ஐந்து வருடப் பிரிவில் நான் நிற்கிறேன். ஐந்து வருடம் என்றால் பத்துப் போகம். பத்துப் போகம் நியமன ஆட்சி, அதற்குப் பிறகுதான் சனத்திடம் கேள்வி. போர் நின்றும் நிற்காத நேரத்தில் வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். பத்துப் போகத்துக்கும் கடைக்காணிக்காரன் எழும்பிப் பேசுகிற மண்டபம் எது என்பதும் நியாயமான கேள்விதான். அன்றைக்கு அதைச் சத்தமாகக் கேட்டிருக்க முடியுமா என்பது வேறு கதை.

2022க்கு வருவோம். அரகலய என்ற மக்கள் போராட்டம், ஜனாதிபதி கோட்டாபய ஓடினார், பாராளுமன்றத்தில் 134 வாக்கோடு ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். சட்டப்படி பிழையில்லை. ஆனால் 2020 பொதுத்தேர்தலில் அவருடைய கட்சிக்கு எந்த மாவட்டத்திலும் ஒரு ஆசனமும் இல்லை, தேசியப் பட்டியலில் ஒரேயொரு கதிரை. 2022 ஒக்டோபரிலேயே அரசியலமைப்பின் 21ஆம் திருத்தம் நிறைவேறியது, ஆணைக்குழுக்களின் சுயாதீனம் ஓரளவு திரும்பி வந்தது. சீர்திருத்தம் நடந்தது என்று எழுதலாம். ஆனால் 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று நின்றுபோனது. கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி பிரதேச சபைகள் எல்லாம் தவிசாளர் இல்லாமல் கிடந்தன. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6இல்தான் வந்தது. இடைவெளியில் வந்தவரிடம் நான் எதிர்பார்க்கிற முதல் வேலை வாக்குப்பெட்டியை நேரத்துக்குத் திறப்பது. அதைப் பூட்டிவைத்துக்கொண்டு மற்ற எதைத் திருத்தினாலும் எனக்குக் கணக்கில் வராது.

'அப்போ தெரிவு செய்யப்பட்டவை மட்டும் கிழிச்சவையோ?' என்று பெரியப்பா கேட்பார். இல்லை. இந்த இடம் எனக்கும் கசக்கிற இடம்.

வடமாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் முதல் தேர்தல் நடந்தது, 38இல் 30 ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு, விக்னேஸ்வரன் முதலமைச்சர். சபையின் குறைகளைச் சொல்ல இன்னொரு காணொளி வேண்டும். ஆனால் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிற திட்டம் வந்தபோது, எங்கள் கமக்காரர் போய்ச் சண்டை பிடிக்க ஓர் இடமும், சண்டை பிடிக்க உறுப்பினர்களும் இருந்தார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்குக் கடல்நீரைச் சுத்திகரிக்கிற வழிக்குப் போனார்கள், தாளையடியில் அந்த நிலையம் இருக்கிறது.

2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்கு முந்தைய வருடமே பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியிருந்தது, தமிழ்ப் பிரதிநிதிகளும் ஆதரவாகக் கையுயர்த்தினார்கள். புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, கொண்டுவந்த அமைச்சர் உட்பட ஒருவரும் ஆதரிக்கவில்லை. பழைய சட்டம் செத்துவிட்டது, புதியது பிறக்கவில்லை. இந்தக் குழியைத் தோண்டியவர்கள் எல்லோரும் வாக்கு வாங்கியவர்கள். ஏழு வருடத்துக்கு மேலாக ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். மாகாண வீதி, மாகாணப் பாடசாலை, ஆஸ்பத்திரி, சின்னக் குளங்கள், எல்லாம். நல்ல ஆளுநர் வந்தால் நல்லது நடக்கும். நடந்தும் இருக்கிறது. ஆனால் அவர் செய்ததற்கும் செய்யாததற்கும் எழும்பிக் கேட்க எந்த மண்டபத்திலும் எங்களுக்குக் கதிரை இல்லை. இதைவிட நீண்ட இடைக்கால அரசை டாக்காவும் பார்க்கவில்லை, காத்மண்டுவும் பார்க்கவில்லை.

[காட்சி: வாய்க்கால் கரை வீதி. உடைந்த மதகு, மேலே பனங்குற்றி போட்டிருக்கிறார்கள்.]

இது எங்கள் ஊர் மதகு. உழவு இயந்திரம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. மழைக்கு முன்னர் கட்டித்தரச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கு இரண்டு மனு கொடுத்தோம், நிதி வந்ததும் பார்ப்போம் என்று பதில் வந்தது. மூன்றாவது மனுவை நான்தான் எழுதினேன், பெரியப்பா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல. முன்பென்றால் எங்கள் பகுதி மாகாண சபை உறுப்பினரின் பெயரைப் போட்டு, சந்தியில் பிடித்துக் கையிலேயே கொடுத்திருப்போம். இந்த முறை ஆளுநருக்கு. 2018க்குப் பிறகு சுரேன் ராகவன், சார்ள்ஸ், ஜீவன் தியாகராஜா, திரும்பவும் சார்ள்ஸ், வேதநாயகன் என்று மாறி மாறி வந்திருக்கிறார்கள். நான் பெயரை எழுதத் தொடங்க, பெரியப்பா பேனையைப் பிடித்தார்.

"பேரைப் போடாத மோன. மனு போய்ச் சேரேக்க ஆள் மாறியிருக்கும். பதவியை மட்டும் போடு."