எல்ஷடாய் என்ற பெயர்

மாலை வணக்கம். இங்கே வருகிற வழியில் எனக்கு முன்னால் போன ஆட்டோவின் முதுகில் ‘எல்ஷடாய்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. சிக்னலில் பக்கத்தில் போய் நின்றபோது, “அதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “சர்வவல்லவர் சார்” என்றார் சட்டென்று. அதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அவர் தப்பித்தார், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

அவர் சொன்னதில் தவறில்லை. நம் வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆதியாகமம் 17-ஆம் அதிகாரம். ஆபிராமுக்கு 99 வயது. “நான் சர்வவல்லமையுள்ள தேவன்” என்று கடவுள் அவனிடம் சொல்கிறார். எபிரெயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஏல் ஷத்தாய்’. ஏல் என்றால் கடவுள், அதில் சிக்கலில்லை. ஷத்தாய் என்றால் என்ன என்பதில்தான் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

எபிரெய வேதத்தை முதன்முதலில் கிரேக்கத்துக்குக் கொண்டுபோன யூத அறிஞர்களே இந்தச் சொல்லில் இடறியிருக்கிறார்கள். ஆபிராம் கதையில் அதற்கு ‘உன் தேவன்’ என்று எழுதி நகர்ந்துவிட்டார்கள். யோபு புத்தகத்தில் பல இடங்களில் ‘பந்தோக்ராத்தோர்’, அதாவது எல்லாவற்றையும் ஆளுகிறவர். ரூத்தில் ‘போதுமானவர்’. அப்புறம் வேதத்தை லத்தீனுக்குக் கொண்டுபோன ஜெரோம் ‘ஓம்னிபொத்தென்ஸ்’, அதாவது எல்லாம் வல்லவர், என்று எழுதினார். நம் சர்வவல்லவர் அந்தத் தடத்தில் வந்தவர்.

சரி, வேர்ச்சொல் என்ன சொல்கிறது? பழைய மெசொபொத்தேமியாவின் அக்காதிய மொழியில் ‘ஷாது’ என்றால் மலை; அதை வைத்து ‘மலைக்குரிய கடவுள்’ என்கிறார்கள் பலர். எபிரெயத்தில் ‘ஷாதத்’ என்றால் பாழாக்குவது. ஏசாயா 13:6, சங்காரம் ஷத்தாயிடமிருந்து வருகிறது என்று அந்த ஓசையை வைத்தே விளையாடுகிறது. ‘ஷத்’ என்றால் முலை. யூத ரபிமார்கள் பெயரையே இரண்டாக உடைத்தார்கள்: ‘ஷெ’, ‘தாய்’. எவர், போதும். படைக்கப்பட்ட உலகம் விரிந்துகொண்டே போனபோது “போதும்” என்று சொல்லி நிறுத்தியவர் என்பது ரபிமார்களின் பழைய தொகுப்பு நூலான தல்மூதில் வரும் விளக்கம். இலக்கணம் இதை ஒப்புக்கொள்ளாது. எனக்கு மட்டும் ரொம்பப் பிடிக்கும்.

இந்தச் சொல் இஸ்ரவேலருக்கு வெளியிலும் புழங்கியது. யோர்தான் நாட்டில் தேர் அல்லா என்ற மேட்டில் 1967-இல் அகழ்ந்தபோது சுண்ணாம்புப் பூச்சின் மேல் கறுப்பிலும் சிவப்பிலும் மையால் எழுதிய வரிகள் துண்டுதுண்டாகக் கிடைத்தன. ஏறத்தாழ கி.மு. 800-ஐச் சேர்ந்தவை. அதில் பேசப்படுகிறவன் பேயோரின் மகன் பிலேயாம். ஆமாம், கழுதை பேசிய கதையில் வருகிற அதே பிலேயாம்! அவன் காணும் தரிசனத்தில் ‘ஷத்தாயின்’, அதாவது ஷத்தாய்கள், என்ற தெய்வங்கள் சபை கூடுகின்றன. நம் எண்ணாகமத்திலும் பிலேயாம், சர்வவல்லவரின் தரிசனத்தைக் கண்டவன் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்கிறான்.

ஒரு பெயரின் பொருளை வேரில் தேடுவதைவிட, அது எந்த வாயில், எந்த நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது நல்லது என்பது என் கட்சி. ஆதியாகமத்தில் ஏல் ஷத்தாய் வருகிற இடங்களைப் புரட்டுங்கள். தொண்ணூற்றொன்பது வயதுக் கிழவனுக்குச் சந்ததி வாக்களிக்கும்போது வருகிறது. யாக்கோபைப் பலுகச் சொல்லும்போது வருகிறது. எகிப்துக்குத் தானியம் வாங்கப் போகிறவர்களோடு கடைக்குட்டி பென்யமீனையும் அனுப்ப வேண்டிய கட்டாயத்தில், தகப்பன் யாக்கோபு ஏல் ஷத்தாயிடம்தான் இரக்கம் கேட்கிறான். அங்கே இரக்கத்துக்குரிய சொல் ‘ரஹமீம்’. கருப்பைக்கு எபிரெயத்தில் ‘ரெஹெம்’.

கடைசியில், ஆதியாகமம் 49:25. யாக்கோபு படுக்கையில் இருந்து யோசேப்பை ஆசீர்வதிக்கிறான். சர்வவல்லவரைச் சொன்ன அதே மூச்சில் “ஸ்தனங்களுக்கும் கர்ப்பங்களுக்கும் உரிய ஆசீர்வாதங்கள்” என்கிறான். எபிரெயத்தில் வாய்விட்டுப் படித்தால் ஷத்தாய், ஷாதாயிம் என்று இரண்டு சொற்களும் ஒன்றையொன்று கூப்பிடும். ஷத்தாயில் ‘த’ இரட்டிக்கிறது, முலையைக் குறிக்கும் சொல்லில் இரட்டிக்கவில்லை, ஆகவே உறவில்லை என்பார்கள் மொழியறிஞர்கள். இருக்கட்டும். பாடியவன் காதில் உறவு இருந்திருக்கிறது. தமிழில் ‘சர்வவல்லவர்’ என்று போட்டதும் அந்த ஓசை செத்துப்போகிறது. தாய்ப்பால் இருந்த இடத்தில் சிம்மாசனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

யூதர்களின் வீட்டு வாசலில் வலப்பக்க நிலைக்காலில், விரல் நீளத்துக்கு ஒரு கூடு பதித்திருக்கும். மெசூசா என்பார்கள். சுருட்டிய தோலில் வேத வசனம் உள்ளே. தோலின் பின்புறம் ஷத்தாய் என்று எழுதியிருக்கும். கூட்டின் மேல் அதன் முதல் எழுத்தான ஷின் மட்டும், மூன்று கிளை விட்ட குச்சி மாதிரி. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் பலர் அதைத் தொட்டு விரலை முத்திக்கொள்வார்கள். நிலைவாசலைத் தொட்டுக் கும்பிடுகிற நமக்கு அந்தக் கை அசைவு புதிதில்லை.

ஷத்தாய் என்ற சொல் எபிரெய வேதத்தில் 48 முறை வருகிறது. அதில் 31 யோபு புத்தகத்தில். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனின் புத்தகத்தில். இன்னொரு வாய், ரூத் புத்தகத்தில் வரும் நகோமியுடையது. மோவாபில் கணவனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டுப் பெத்லெகேமுக்குத் திரும்பியவளை ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டு “இவள் நகோமியோ?” என்கிறார்கள். என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள், ஷத்தாய் எனக்கு வாழ்க்கையைக் கசப்பாக்கிவிட்டார் என்கிறாள் அவள். நகோமி என்றால் இனிமை, மாராள் என்றால் கசப்பு. வம்சம் தரும் கடவுள் என்று தெரிந்த பெயரைச் சொல்லித்தான் அவள் சண்டை பிடிக்கிறாள். யாரிடம் உரிமையோ அவரிடம்தானே கோபம்?

அந்த இரண்டு வசனங்களோடு ரூத் புத்தகத்தில் அந்தப் பெயர் நின்றுவிடுகிறது. நாலாம் அதிகாரத்தில் மருமகள் ரூத்துக்குப் பிள்ளை பிறக்கிறது. கிழவி அதை வாரி மடியில் வைத்துக்கொள்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், “நகோமிக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது” என்கிறார்கள். மாராள் என்று அவளை ஒருத்தியும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.