வாவியின் இரு கரையிலும் இரு நேரம்

வணக்கம் நேயர்களே.

உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் ஆட்டக்காரன் இல்லை. மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் வெளியே போன பந்தைப் பொறுக்கிக் கொடுத்ததுதான் என் விளையாட்டு அனுபவம். ஆனால் ஆரையம்பதியில் இருந்துகொண்டு உலகக் கிண்ணம் பார்ப்பதற்கு எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும் என்ற கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அதில் பலமுறை தோற்றும் இருக்கிறேன்.

இந்த 2026 இல் ஆட்டம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில். 48 அணிகள், 104 ஆட்டங்கள். நியூயோர்க் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மெக்சிகோ நகரம் பதினொன்றரை, லொஸ் ஏஞ்சலிஸ் பன்னிரண்டரை. ஆகவே சில ஆட்டங்கள் நடுச்சாமத்தில் வரும், சில பிள்ளைகளைப் பாடசாலைக்கு வெளிக்கிடுத்தும் நேரத்தில் வரும். வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த வெபர் அடிகளார் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் விளையாட்டை வளர்த்தவர். அவருடைய ஊரில் ஒரு ஆட்டம்கூட இல்லை. பட்டியலைப் பார்த்தபோது எனக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் பட்டது.

சரி, நமது நாடு ஒருமுறைகூட இந்தப் போட்டிக்குத் தகுதி பெற்றதில்லை. பிறகு ஏன் கண் விழிக்க வேண்டும்? என் பெத்தா, அதுதான் பாட்டி, இதே கேள்வியைக் கேட்டவர்தான். ஆனால் அவரே வடமோடிக் கூத்தென்றால் களரிக்குப் பக்கத்தில் பாயை விரித்து விடிய விடிய இருப்பார். ராசா வரவு முடியவே பாதி இரவு போய்விடும். அதற்கு முன்னால் தொண்ணூறு நிமிடம் ஒரு கணக்கா?

முதல் தோல்வி 1994. அதுவும் அமெரிக்காவில்தான் நடந்தது. பிரேசிலும் இத்தாலியும் மோதிய இறுதி ஆட்டம் அங்கே யூலை 17, ஞாயிறு நண்பகல் கழிந்து பன்னிரண்டரைக்கு. நமக்கு 18 ஆம் திகதி, விடியப்புறம் 1.00 மணி. எங்கள் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மச்சான், தாய்மாமன் மகன், “18 ஆம் திகதி 1.00 மணி” என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினான். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துத் திங்கள் இரவென்று நினைத்துக்கொண்டோம். ஜெனரேற்றரும் தொலைக்காட்சிப் பெட்டியும் திங்கட்கிழமைக்கு வாடகைக்குச் சொன்னோம். திங்கள் காலை தேத்தண்ணிக் கடைக்குப் போனால், இத்தாலியின் பாஜியோ தண்ட உதையை வானத்துக்கு அடித்த கதை நடந்துகொண்டிருக்கிறது! முற்பணம் கொடுத்தாயிற்று என்பதற்காக அன்றிரவு அந்தப் பெட்டியில் தேசிய கீதம் வரைக்கும் எல்லாவற்றையும் பார்த்தோம்.

இரண்டு வருடம் கழித்து நேரமே மாறியது. 1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, அதே வருடம் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே நின்றது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் புதுநேரம், அந்தப் பக்கம் படுவான்கரையில் பழைய நேரம். மண்முனைத்துறையில் பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவையில், ஏறி அக்கரையில் இறங்கினால் அரை மணித்தியாலம் இலாபம். திரும்பி வரும்போது அது போய்விடும். கலியாண முகூர்த்தத்துக்கும் சாவீட்டுக்கும் நேரம் சொல்பவர்கள் “எந்த நேரம்?” என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1998 இறுதி ஆட்டம் எங்களுக்கு விடியப்புறம் ஒரு மணி, முதலைக்குடாவில் இருந்த மாமாவுக்குப் பன்னிரண்டரை. நாங்கள் இங்கே பார்த்தோம். அக்கரையில் மின்சாரமும் இல்லை, பற்றரி கொண்டுபோவதற்கும் கட்டுப்பாடு. பிரான்சின் சிடான் தலையால் இரண்டு கோல் அடித்தார் என்பதை மாமா மறுநாள் வானொலிச் செய்தியில்தான் கேட்டார்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. அந்த முறை கொரியாவிலும் ஜப்பானிலும் ஆட்டம் என்பதால் பகலிலேயே பார்க்கலாம். யூன் 30 இறுதி ஆட்டம் எங்கள் மணிக்கு ஐந்து, மாமாவின் மணிக்கு நாலரை. கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று, கார் பற்றரி ஒன்று, இரண்டையும் சைக்கிளில் கட்டிப் பாதையில் ஏற்றிக் கொண்டுபோனோம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. அன்ரனாவை ஒரு பையன் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. வெளிச்சத்தில் திரை தெரியவில்லை என்று பெட்டிக்கு மேலே நெல்மூட்டைச் சாக்கைப் போட்டு மூடி, உள்ளே நாலு தலை நாலு தலையாகப் பார்த்தோம். 67 ஆவது நிமிடம் ஜேர்மனியின் கோல்காப்பாளர் ஒலிவர் கான் பந்தைப் பிடித்து நழுவவிட்டார். அந்த நேரம் சாக்குக்குள் இருந்த நாலு பேரில் நானும் ஒருவன். பிரேசிலின் ரொனால்டோ ஓடிவந்து கோலுக்குள் தட்டினார். வெளியே நின்றவர்கள் “என்ன மனே, என்ன?” என்று எங்கள் முதுகில் அடிக்கிறார்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து அவர் இரண்டாவது கோல் அடித்தபோது என் முறை முடிந்து நானும் வெளியே நின்று யாரோ ஒருவருடைய முதுகில் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிய, எந்த நேரப்படி பார்த்தாலும் கடைசிப் பாதை போய்விட்டது. அன்றிரவு மாமா வீட்டில்தான் படுக்கை. சுவரில் ஒரு சாவி மணிக்கூடு. அதை அவர் 1996 இலும் தொடவில்லை, அதற்குப் பிறகும் தொடவில்லை. கேட்டால், “சூரியன் மாறினா நானும் மாத்துறன். மறுகா என்ன?” என்பார். 2006 ஏப்ரல் 15 இல் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அவருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ நாட்டையே வென்றவர் போல. அந்த வருட இறுதி ஆட்டம் இரு கரையிலும் ஒரே இரவு பதினொன்றரைக்கு. ஆனால் சண்டை மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது, துறை தாண்டிப் போக எங்களுக்கு மனம் துணியவில்லை. சிடான் எதிரணிக்காரரைத் தலையால் முட்டி வெளியேறியதை இரண்டு கரையிலும் தனித்தனியாகத்தான் பார்த்தோம்.

இப்போது நிலைமை வேறு. 2014 இல் மண்முனையில் பாலம் வந்துவிட்டது. 2022 இல் போட்டி கட்டாரில், அங்கே வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியாலம்தான் இடைவெளி. இறுதி ஆட்டம் நமக்கு இரவு எட்டரைக்கு, சாப்பாட்டு நேரத்தில் வந்தது. ஆனாலும் அந்த அரைக் கணக்கு என்னை விடவில்லை. நான் கைபேசியில் பார்க்கிறேன், பக்கத்து வீட்டில் டிஷ் அன்ரனா. பிரான்சின் எம்பாப்பே இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறார், பக்கத்து வீட்டில் கோல் என்று கத்தி முடித்துவிட்டார்கள். இணையத்தில் வரும் ஆட்டம் அரை நிமிடம் பிந்தித்தான் வருகிறதாம். அன்று ஆறு கோலையும் காதால் கேட்டுவிட்டுத்தான் கண்ணால் பார்த்தேன்.

இந்த முறை இறுதி ஆட்டம் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் நியூ ஜெர்சியில், யூலை 19 ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. நமக்குத் திங்கள், 20 ஆம் திகதி, இரவு 12.30. மச்சான் முதலைக்குடாவிலிருந்து இப்போதே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டான், ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கே வந்துவிட வேண்டுமாம். திகதியை அவன் சொல்லவேயில்லை, கிழமையை மட்டும் மூன்று தரம் சொன்னான்.