காலடித் தடம்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன். சண்டைக்கலைப் படங்களில் எது உச்சம், எது சறுக்கல் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். இதற்கு என்னிடம் இருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். அது என் வாத்தியார் கொடுத்தது.

அவரிடம் சேர்ந்தபோது கம்பைத் தொடவிடவே மூன்று மாதம் ஆக்கினார். அதுவரைக்கும் வெறும் காலடிதான். அலை வந்து போன ஈர மணலில் எங்களை ஏறி இறங்கவிட்டு, பின்னாலேயே வந்து தடத்தைக் குனிந்து பார்ப்பார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் திரும்ப முதலிலிருந்து. "கம்பு எப்படி வேணா சுத்தும்டா. நீ எங்க நிக்கிறன்னு காலுதான் சொல்லும்" என்பார். அப்புறம் எந்தப் படத்தில் சண்டை வந்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. கால் தெரிகிறதா, தெரிந்தால் எடை எந்தக் காலில் இருக்கிறது, அவ்வளவுதான் பார்ப்பேன்.

1972இல் ப்ரூஸ் லீ தானே எழுதி இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' படத்தின் கடைசிச் சண்டைக்கு மேல் எனக்கு ஒன்று இல்லை. ரோம் நகரத்துக் கொலோசியத்தில் நடக்கிற மாதிரி கதை. எதிரே சக் நாரிஸ். அவர் நிஜத்திலேயே கராத்தே சாம்பியன். உடனே அடித்துக்கொள்வார்கள் என்று நினைப்போம். இல்லை. இருவரும் நிதானமாக உடம்பைச் சூடேற்றுகிறார்கள், முதுகை வளைக்கிறார்கள், விரல்களில் நெட்டி முறிக்கிறார்கள். ஒரு பூனைக்குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது. சண்டை தொடங்கியதும் லீதான் அடி வாங்குகிறார், கீழே விழுகிறார். எழுந்து வந்தவர் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறார். இரண்டு காலும் தரையில் தங்காமல் துள்ளத் தொடங்குகின்றன. அந்தத் துள்ளலில் எதிராளியின் கணக்குத் தப்புகிறது. வசனம் கிடையாது, யாரும் வந்து விளக்குவதும் கிடையாது. கேமரா தள்ளி நின்று தலையிலிருந்து பாதம் வரை காட்டுவதால் சண்டை எந்த இடத்தில் திரும்பியது என்று நம் கண்ணுக்கே தெரிகிறது. முடிவில் செத்தவரின் சட்டையை எடுத்து அவர் மேலேயே போர்த்தி, பெல்ட்டையும் வைத்துவிட்டு மண்டியிடுவார் பாருங்கள், ஆட்டம் முடிந்தபின் எதிராளிக்கு வைக்கும் சலாம் அது. எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்.

சீனத்து ஷாலின் புத்த மடத்தில் ஓர் இளைஞன் சண்டைக்கலை பயில்வதைச் சொல்லும் '36த் சேம்பர் ஆஃப் ஷாலின்' 1978இல் வந்தது. இயக்கியவர் லாவ் கார்-லியூங். பேர்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய்-ஹூங்கின் சீடர் வழியில் வந்த குடும்பம் அவருடையது. படத்தின் பெரும்பகுதி பயிற்சிதான். சாப்பாட்டுக்குப் போகவேண்டுமென்றால் தண்ணீரில் மிதக்கிற கட்டைகளை மிதித்துத் தாண்டவேண்டும். தவறினால் தண்ணீருக்குள் விழவேண்டியதுதான். கைகளை நீட்டி வாளி சுமக்கிறான், மேற்கையில் கத்தி கட்டியிருக்கிறது, கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். என் வாத்தியாரின் ஈர மணலை நான் திரையில் பார்த்தது அந்தப் படத்தில்தான். அதே வருடம் வந்த ஜாக்கி சானின் 'ட்ரங்கன் மாஸ்டர்' வேறு ரகம். குடிகாரன் மாதிரி கால் தள்ளாடும், ஆனால் ஒரு தள்ளாட்டத்திலும் எடை பிசகாது. அப்படித் தள்ளாட நிறையப் பயிற்சி வேண்டும்.

பறக்கிற படங்களை ஒதுக்கவேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேண்டாம். 2000இல் வந்த 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் மூங்கில் நுனியில் நின்று சண்டை போடுகிறார்கள். சீனத்து வாள்வீரர் கதைகளில் அது காலங்காலமாக உள்ளதுதான். அதே படத்தில் மிஷெல் இயோ ஓர் ஆயுதம் உடைந்ததும் அடுத்ததை எடுத்து எடுத்துப் போடும் சண்டையைப் பாருங்கள், ஒவ்வோர் ஆயுதத்துக்கும் நிலை மாறும்.

சரி, சறுக்கலுக்கு வருவோம். 'கேம் ஆஃப் டெத்' படத்துக்காக லீ 1972இல் சில சண்டைகளை எடுத்து வைத்திருந்தார். 1973 ஜூலை 20ஆம் தேதி இறந்துபோனார். பிறகு வேறு ஆள்களை அவர் இடத்தில் நிறுத்தி, கதையை மாற்றி, 1978இல் படத்தை வெளியிட்டார்கள். ஓர் இடத்தில் கண்ணாடியில் தெரிகிற உருவத்தின் மேல் அவர் முகத்தை அட்டையில் ஒட்டிக் காட்டுகிறார்கள். அவருடைய நிஜமான இறுதிச் சடங்கின் காட்சிகளையும் கதைக்குள் சேர்த்தார்கள். இது எனக்குக் கொஞ்சமும் பொறுக்காது. ஆனால் அதே படத்தின் கடைசியில் அவரே எடுத்த பகுதி வருகிறது. ஏழடிக்கும் மேல் உயரமான அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பார் உதைத்த தடம், மஞ்சள் உடையின் நெஞ்சில் அப்படியே பதிந்திருக்கும். எங்கள் பழைய ஆட்டத்தில் கம்பு நுனியில் கரி தடவிக்கொள்வோம், பட்ட இடம் உடம்பில் தெரியும், யாரும் மறுக்கமுடியாது. அந்தக் காலடியைப் பார்த்தால் எனக்கு அந்தக் கரிப்பொட்டுதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு சறுக்கல் இப்போது தினசரி ஆகிவிட்டது. நடிகருக்குப் பயிற்சிக்கு நாள் கொடுப்பதில்லை. அதை மறைக்க ஃபிரேமை மார்புக்கு மேலே வைக்கிறார்கள், கேமராவை ஆட்டுகிறார்கள், கைவீச்சு ஒரு ஷாட், திரும்பும் முகம் ஒரு ஷாட், நடுவில் சத்தம். அடி எங்கே விழுந்தது என்று கேட்டால் எடிட்டிங் மேசையில் என்றுதான் சொல்லவேண்டும். சண்டைக் கலைஞர்களைக் குறை சொல்லமாட்டேன். ஜாக்கி சான் மாதிரி ஒரே சண்டைக்கு வாரக்கணக்கில் செலவிட நம் ஊரில் யாருக்கு அனுமதி கிடைக்கிறது?

போதிதர்மரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போன அந்தப் பௌத்தத் துறவிதான் ஷாலினுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று சினிமா பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் பெருமைப்படுகிறார்கள். அவரைச் சண்டைப் பயிற்சியோடு இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டு நூல்களில்தான் வருகிறது, அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் பிறகு. பெருமைக்கு நம்மிடம் கம்பு இருக்கிறது.

அதைத் திரையில் நன்றாகச் செய்தவர் எம்.ஜி.ஆர். சிலம்பம் முறையாகப் பயின்றவர். 1971இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷா ஓட்டியபடியே கம்பு சுற்றுவார். அங்கே காலடிக்கு ஏது இடம்? அந்த வேலையையும் இடுப்பே செய்கிறது, தோள் தளர்ந்தே இருக்கிறது. என் அளவுகோலுக்குள் அடங்காத சண்டை அது. இருந்தாலும் பயின்ற உடம்பு என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. வணக்கம் வைக்கும் சலாம் வரிசையில் தொடங்கி, கம்பு சுற்றிக் காலடி வைத்து வீடு கட்டி, எதிராளியைக் கம்பால் தொட்டு ஆடுகிற இரண்டு பேரை ஐந்து நிமிடம் வெட்டாமல் காட்டும் ஒரு தமிழ்ப் படம் வரவேண்டும். நட்சத்திரம் யாராக இருந்தாலும் சரி, கேமரா மட்டும் தள்ளி நின்று பாதத்தையும் காட்டட்டும். அப்படி ஒன்று வந்தால் என்னிடம் பயிலும் நாற்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்கே போய் நிற்பேன்.

நன்றி, வணக்கம்.