வகுப்பறைக்குள் ஒரு மாட்டுவண்டிப் பயணம்

(ஆசிரியர் பயிலரங்கு ஒன்றின் நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் உயர்த்திப் பேசிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இம்மண்டபத்துக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்த பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, மேடைக்குக் கீழே அமர்ந்திருந்தாலும் இவ்விழாவுக்கு உரியவர்களான ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தியவர்களுக்கு என் நன்றி. அடுத்த முறை அந்தப் பணத்தில் பள்ளிக் கணினிக்கு இரண்டு மவுஸ் வாங்கிக் கொடுத்தால் இன்னும் மகிழ்வேன்.

கணினி விளையாட்டு எவ்வாறு பாடமாகிறது, மெய்நிகர் உலகங்களைக் கொண்டு எவற்றைக் கற்பிக்கலாம், பிள்ளைகளின் கண்ணும் நேரமும் கெடாமல் காப்பது எப்படி என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என் பாட்டி நாள்தோறும் சொன்ன பழமொழி. இன்றைக்கும் அந்தச் சுரைக்காயைத்தான் கையில் எடுத்து வந்திருக்கிறேன்.

1971ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். டான் ராவிட்ஷ் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு வரலாறு நடத்த வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மிசௌரியிலிருந்து ஓரிகன் வரை ஏறத்தாழ 2,000 மைல் தொலைவு குடியேறிகள் மாட்டுவண்டிகளில் சென்ற கதைதான் பாடம். அவர் நீண்ட தாளொன்றில் வழித்தடத்தை வரைந்து, தாயக்கட்டையும் சீட்டுகளும் வைத்து ஆடும் ஆட்டமாக அதை அமைத்துக்கொண்டிருந்தார். அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த பில் ஹைனெமன், பால் டில்லன்பெர்கர் என்ற இருவரும் கணக்குப் பாடத்தின் பயிற்சி ஆசிரியர்கள். கணினிக்கான கட்டளைத் தொகுப்பாகிய நிரல் எழுதத் தெரிந்தவர்கள். தரையில் விரிந்து கிடந்த தாளைப் பார்த்ததும், இதைக் கணினியிலேயே செய்துவிடலாமே என்றார்கள். இரண்டே வாரத்தில் செய்தும் முடித்தார்கள்.

கணினி என்றதும் நீங்கள் திரையை நினைத்துவிடக் கூடாது. டெலிடைப் என்ற தட்டச்சுப் பொறி ஒன்று தொலைபேசிக் கம்பி வழியாக எங்கோ இருக்கும் கணினியோடு பேசும். பதில் தாள் சுருளில் அச்சாகி வரும். படமும் இல்லை, வண்ணமும் இல்லை. மாட்டுக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு என்று கையிலுள்ள பணத்தைப் பிள்ளைகள் பங்கிட வேண்டும். வேட்டை வந்தால் "பேங்" என்று பிழையின்றி விரைவாகத் தட்ட வேண்டும். தடுமாறினால் அன்றைக்கு இறைச்சி கிடையாது! வகுப்புக்கு ஒரே பொறி என்பதால், விரைவாகத் தட்டுபவன் ஒருவன், வரைபடம் பார்ப்பவன் ஒருவன், பணக்கணக்கு வைப்பவன் ஒருவன் என்று பிள்ளைகள் தாங்களாகவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வண்டியில் தவறான சரக்கை ஏற்றினால் வழியில் சாப்பாடு இருக்காது என்பதைப் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பசித்த வண்டியில் உட்கார்ந்தால்தான் அந்த வரி விளங்கும்.

கதை இத்துடன் முடியவில்லை. பருவம் முடிந்ததும் ராவிட்ஷ் அந்த நிரலைக் கணினியிலிருந்து அழித்துவிட்டார். ஆனால் தாளில் அச்சிட்ட படி ஒன்று அவரிடம் இருந்தது. 1974இல் மினசோட்டாவின் கல்விக் கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், அதை ஒவ்வொரு வரியாகத் திரும்பத் தட்டி ஏற்றினார். குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் மழையும் எவ்வளவு அடிக்கடி வந்தன என்று பார்த்து, விளையாட்டிலும் அவ்வாறே வரும்படி திருத்தினார். 1978இல் முழு நிரலும் ஒரு கணினி இதழில் அச்சாகி வெளிவந்தது.

இவ்விடத்தில்தான் என் வழக்கமான வழக்கைத் தொடங்குகிறேன். என்னை அறிந்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. நிரல் அச்சில் வந்தது என்றால், எந்த ஆசிரியரும் அதைத் தட்டிக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொருள். அந்த விளையாட்டு குடியேறிகளின் கண் வழியே மட்டும் பார்க்கிறது. வண்டிகள் கடந்து சென்ற நிலம் எந்தப் பழங்குடியினருடையது என்று ஒரு மாணவன் கேட்டால், அக்கேள்வியை விளையாட்டுக்குள் சேர்க்க மூலநிரல், அதாவது அதை உருவாக்கியவர் எழுதிய நிரல், கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவும் மூடிய ஏடுதான்.

கணினிக்குள் நாம் நடமாடும் மெய்நிகர் உலகம் என்றதும், கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராப்டைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அருமையான விளையாட்டு, மறுக்கவில்லை. 2014இல் மைக்ரோசாப்ட் அதன் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2016இல் கல்விப் பதிப்பு வந்தது. அதற்கு ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். அதே போலக் கட்டைகளை அடுக்கும் உலகம், மைன்டெஸ்ட் என்ற பெயரில் 2010இல் தொடங்கி 2024இல் லுவாண்டி என்று பெயர் மாறியது. அது கட்டற்ற மென்பொருள். காசும் வேண்டாம், மாற்றுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம்.

சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதில் நீர்த்தொட்டி கட்டினாள். கட்டை ஒன்றை ஒரு கனமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். மூன்று நீளம், மூன்று அகலம், இரண்டு உயரம் என்று அடுக்கியவள், விளையாட்டுக்குள் தனக்காக நடமாடும் பொம்மையை ஒரு கட்டையின் அருகே நிறுத்திப் பார்த்தாள். கட்டை அதன் இடுப்புக்கு மேல் வந்தது. "ஒரு கனமீட்டர்னா இவ்வளவு பெருசா சார்?" என்றாள். 18 கட்டை, 18,000 லிட்டர், பள்ளியில் 300 பேர், ஆளுக்கு 60 லிட்டர் என்று அடுத்த நிமிடமே கணக்கும் சொன்னாள். சூத்திரத்தை அவள் முந்தைய மாதமே மனப்பாடம் செய்திருந்தவள். ஏட்டுச் சுரைக்காய் அன்றைக்குத்தான் சமையலறைக்கு வந்தது.

அதே பிள்ளை "இன்வென்ட்டரி" என்ற சொல்லில் பத்து நிமிடம் தடுக்கி நின்றாள். கட்டைகளை வைத்திருக்கும் இடம்தான் அது. பக்கத்தில் இருந்த பையன் "சாமான் பை" என்றான். எந்தக் கலைச்சொல் குழுவும் "இருப்புப் பட்டியல்" என்றுதான் எழுதியிருக்கும். நான் பையன் பக்கம். வகுப்புக்கென்று நாம் அமைக்கும் உலகங்களில் பொருள்களின் பெயர்களும் குறிப்புகளும் இத்தகைய தமிழில் இருக்க வேண்டும்; அதற்குக் குழந்தைகளின் பேச்சை அறிந்த ஆசிரியர்களே வேண்டும்.

தலைமையாசிரியர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தியைத் தொடவே இல்லை, மன்னிக்கவும். அம்மையார் அவர்களிடம் ஒரே விண்ணப்பம்: மாவட்டத்தில் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தை மட்டும் சனிக்கிழமை மாலைகளில் இத்தகைய உலகங்களைத் தமிழில் அமைப்பதற்காகத் திறந்துவிட அனுமதி தாருங்கள். வாசலருகே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தமிழாக்கத்துக்கு உதவ விரும்பும் ஆசிரியர்கள் பெயரையும் நடத்தும் பாடத்தையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். தேநீரும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.