கரும்புச் சோகையில் ஊட்டமேற்றிய கம்போஸ்ட்: எதை எப்போது சேர்ப்பது?

[காட்சி: வெட்டு முடிந்த கரும்பு வயல், பார் முழுக்கச் சோகை]

வணக்கம். கரும்பு வெட்டு முடிந்தால் ஏக்கருக்கு 3, 4 டன் சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, வயலில் கிடக்கும். தீ வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். அதிலிருந்த தழைச்சத்தும் புகையோடு போய்விடும். அதையே கம்போஸ்ட் ஆக்கி, கூடுதல் சத்தும் ஏற்றுவது எப்படி என்று பார்க்கலாம்.

சோகை லேசில் மக்காது. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்கு வரை கரிமச்சத்து அதில் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்குத் தோதான அளவு 30க்கு 1. சாணமும், கிளைரிசிடியா, எருக்கு போன்ற பச்சைத் தழையும் அந்தக் குறையைச் சரிக்கட்டும்.

சோகையை நறுக்கி, நிழலில் 6 அடி அகலத்துக்கு அரை அடி கனம் பரப்புங்கள். மேலே தழை, அதன்மேல் சாணிக் கரைசல். கூடவே ராக் பாஸ்பேட் என்கிற கல்மாவு தூவுங்கள், ஒரு டன் சோகைக்கு 20 கிலோ. இதை இப்போதே போட்டுவிட வேண்டும். மக்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள்தான் அந்தக் கல்மாவிலுள்ள மணிச்சத்தைக் கரைக்கும். இப்படியே 4 அடி உயரம் வரை அடுக்கலாம். சாம்பலை மட்டும் சேர்க்காதீர்கள். சாணத்தோடு சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும், மூக்கே சொல்லிவிடும்.

[காட்சி: குவியலின் நடுவில் செருகிய கடப்பாரை]

நாலைந்து நாள் கழித்து ஒரு கடப்பாரையைச் செருகி, பத்து நிமிடத்தில் உருவிப் பாருங்கள். முனையில் கை வைக்க முடியக் கூடாது. உள்ளே 60 டிகிரி வரை போகும். களை விதையும் நோய்க் கிருமியும் அதில்தான் சாகின்றன. சூடே இல்லையா? ஈரமோ சாணமோ போதவில்லை. 15 நாளுக்கு ஒருமுறை புரட்டித் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசியணும், சொட்டக் கூடாது.

அப்புறம், பலரும் சறுக்கும் இடம் ஒன்று. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் அசோஸ்பைரில்லம், மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகளை முதல் நாளே சாணிக் கரைசலில் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். களை விதையைக் கொல்கிற சூடு, காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை மட்டும் விட்டுவைக்குமா? 3, 4 மாதத்தில் கடப்பாரை குளிர்ந்தே வெளியே வரும். உரம் கறுத்து, பொலபொலவென்று மண்வாசனை அடிக்கும். அப்போது ஒரு டன் உரத்துக்கு இரண்டிலும் தலா 200 கிராம் கலந்து, ஈரச் சாக்கால் மூடி 20 நாள் விடுங்கள். வயலில் கொட்டிய அன்றே உழுது மண்ணோடு கலந்துவிடுங்கள், வெயிலில் கிடந்தால் அந்தப் பாக்டீரியா தாங்காது.